பூரணம் சிரித்தாளா?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு மெர்சி எனக்குப் போன் போட்டாள். நான் வேலை பார்த்த இறால் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளை அவள். எடுத்த எடுப்பிலேயே, "ஆச்சி, இங்கன பெரிய அநியாயம் நடக்கு" என்றாள். ஐஸ் உடைக்கிற மெஷினில் யாரும் கையைக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்துவிட்டேன்.

"நீங்க இங்கன சொல்லிட்டு வந்த கதைய கோமதியக்கா மாத்திச் சொல்லுதாவ ஆச்சி! வடிவாச்சி நல்லவளாம். பூரணம் சிரிச்சதுல வேற என்னமோ விஷயம் இருக்காம். அப்ப இத்தன வருசமா நாங்க கேட்டது என்னத்துக்கு? நீங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. 'நான் சொன்னதுதான் நெசம், மத்ததெல்லாம் செல்லாது'ன்னு சொல்லுங்க. சாப்பாட்டு ரூம்ல வச்சி எல்லாருக்கும் போட்டுக் காட்டுதேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீய ஆச்சி. நான் வயித்தெரிச்சல்ல பேசுதேன்."

வாய்ஸ் மெசேஜில் அடங்குகிற சமாச்சாரமா இது? அதனால்தான் என் மருமகள் செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செல்வி என் பேச்சையெல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நீட்டி நிமிர்த்தி எழுதுகிறாள். "எம் பேச்ச என்னவும் பண்ணு, மத்தவங்க பேசுனத மட்டும் தொடாத" என்று சொல்லிவிட்டேன். மெர்சி, இதைச் சாப்பாட்டு ரூமில் நீயே உரக்கப் படி.

இறால் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். லாரியில் ஐஸோடு இறால் வந்து இறங்கும். நீளமான எவர்சில்வர் மேசை. இரண்டு பக்கமும் பெண்கள் எதிரெதிரே நிற்போம். தலையில் தொப்பி, கையில் உறை, முன்னால் ரப்பர் துணி, காலில் பூட்ஸ். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருத்தி தலையைக் கிள்ளிப் போடுவாள், அடுத்தவள் தோலை உரித்து முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை உருவி எடுப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஐஸ் தொட்டி. ஜோடி இல்லாதவளுக்கு அங்கே வேலை ஓடாது. கல்யாணம் மாதிரிதான். ஒரு வித்தியாசம், எங்கள் ஜோடி காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தப் புருஷன் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்? (இந்த இடத்தில் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது தாயே, எழுது.)

நான் சேர்ந்தபோது எனக்கு இறாலின் தலை எது வால் எது என்றே தெரியாது. எங்களுக்குப் பனங்காட்டுப் பக்கம். கருப்பட்டியைத் தவிர நான் கையால் தொட்ட சரக்கு கிடையாது. விரல் வீங்கி, தோல் உரிந்து, குளோரின் தண்ணீரில் எரிந்து, எல்லாருக்கும் நடக்கிறதெல்லாம் எனக்கும் நடந்தது. அதை விட்டுவிடுவோம். எனக்கு வாய்த்த ஜோடி பாக்கியம். தருவைகுளத்துக்காரி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். கம்பெனி வேனில் அவள் ஏறினால் டிரைவர் அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிடுவார், பாட்டுக்கு அங்கே வேலை இல்லை என்று.

ஒரு மழை நாளில் அந்தப் பாக்கியமே பேச்சில்லாமல் நின்றாள். குளிரில் விரல் மடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அவளுடைய புத்தியை வேறு எங்காவது திருப்பலாமே என்று, "ஏட்டி, எங்க ஊர்ப் பக்கம் வடிவாச்சி வடிவாச்சின்னு ஒரு மாமியாக்காரி இருந்தா" என்று ஆரம்பித்தேன். அப்படி ஒருத்தியும் எங்கள் ஊரில் இல்லை. வாயில் வந்தது. வடிவாச்சிக்கு ஒரு பெரிய வீடு கட்டிக் கொடுத்தேன், மகன்களைக் கொடுத்தேன், மருமகள்களைக் கொண்டுவந்தேன். பாக்கியத்தின் விரல் ஓட ஆரம்பித்தது. பக்கத்து ஜோடிகளும் காதைக் கொடுத்தார்கள்.

பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால், லூர்தக்கா.

லூர்தக்கா எங்கள் சூப்பர்வைசர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வருவார். யாராவது நரம்பு எடுக்காமல் விட்டிருந்தால், அந்தத் தட்டில் கிடக்கிற குவியலில் சரியாக அந்த ஒரே ஒரு இறாலை வாலைப் பிடித்துத் தூக்கி, அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். நூறு வசவு வாங்கியிருந்தாலும் தேவலை என்று இருக்கும். அன்றைக்கு என் வாயைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார். தட்டு நிறைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டார். அதுதான் எனக்கு உத்தரவு. அதற்குப் பிறகு லூர்தக்கா சுற்றி வருகிறபோது எங்கள் மேசைப் பக்கம் மட்டும் கொஞ்சம் பைய நடப்பார்.

இப்படித்தான் கதை பிறந்தது, வருஷக்கணக்காக ஓடியது. அடிக்கொரு தரம் கை கழுவ மணி அடிக்கும். அதற்கு முன்னால் கதையைக் கொண்டுபோய் ஒரு முனையில் நிறுத்த வேண்டும். வடிவாச்சி கதவைத் திறந்தாள், அங்கே நின்றது யாரென்றால்... மணி! "நாசமாப் போற மணி" என்று திட்டிக்கொண்டே எல்லாரும் குழாய்க்கு ஓடுவார்கள். யார் நின்றது என்று எனக்கே அப்போது தெரியாது. கை கழுவி முடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நான் மறந்துவிடுவேன், அவர்கள் மறக்கமாட்டார்கள். வடிவாச்சியின் கொழுந்தனுக்கு ரயிலில் ஒரு கால் போய்விட்டது என்று ஒரு தடவை சொல்லி எல்லாரையும் அழவைத்திருக்கிறேன். அதை மறந்துவிட்டு, ரொம்ப நாள் கழித்து அவனைப் பனையில் ஏற்றிவிட்டேன்.

பாக்கியம் கையை நிறுத்தினாள். "ஏளா பேச்சி, அவனுக்கு ஒத்தக் காலுல்லா?"

"ஆமா... அதுக்கென்ன?"

"பன ஏறுனான்னா ரெண்டு காலையும் சேத்துல்லா தளைநார் மாட்டணும்? இவன் எந்தக் காலோட எந்தக் கால மாட்டுனான்?"

"கட்டக் கால்ல மாட்டுனான்."

"கட்டக் காலு எப்ப வந்துச்சி?"

"போன வாரம் வாங்குனான், நீ லீவு போட்டிருந்த."

மேசையே சிரித்துக் குலுங்கியது. ஆனால் ஒரு வாரத்துக்கு நான் என்ன சொன்னாலும் ஒருத்தி கூட உச்சுக் கொட்டவில்லை. யாராவது செத்தால்கூட, "சவத்த விடு, நாளைக்கு எந்திரிச்சி வந்துருவான்" என்றார்கள். லூர்தக்கா ஒருநாள் என் பக்கத்தில் நின்று, "பேச்சி, உரிச்ச இறால திரும்பத் தோலுக்குள்ள வைக்க முடியாது பாத்துக்க" என்றார். அது எனக்கு மனசில் தைத்தது. அன்றைக்கு வைத்துக்கொண்டேன் ஒரு சட்டம்: சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது. டிவி நாடகத்தில் பார்க்கிறோமே, 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று போட்டுவிட்டுப் புது மூஞ்சியோடு ஓட்டிவிடுகிறார்கள். செத்தவன் வெளிநாட்டில் முகத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கு என்ன, பார்க்கிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள். எனக்கு எதிரே பாக்கியம் நின்றாள்.

இனி பூரணத்துக்கு வருகிறேன்.

பூரணம் வடிவாச்சியின் இளைய மருமகள். சரக்கு அதிகமாக வந்த ஒரு நாள், எல்லாருக்கும் கை ஓய்ந்துபோயிருந்தது. ஒரு பெரிய அழுகை வேண்டியிருந்தது எனக்கு. பூரணத்தை வீட்டைவிட்டு ஓடவைத்தேன். விளக்கு வைக்கிற நேரம். தொட்டிலில் பிள்ளை. அவள் வாசலைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே போகிறாள். பிள்ளை அழுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 'தொட்டில் துணியை விலக்கிப் பிள்ளை எட்டிப் பார்த்தது, அதற்குத் தெரிந்தது அம்மாவின் முதுகு மட்டும்தான்' என்று சொல்லி நிறுத்தினேன். மேசை முழுக்க மூக்கைச் சிந்த முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து வந்ததிலேயே நல்ல வரி அதுதான் என்று எனக்கு ஒரு பெருமை.

அதற்குப் பிறகு பூரணத்தை நான் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையை மூத்த மருமகள் வளர்த்தாள், கதை அந்தப் பக்கம் ஓடியது. ஆனால் எங்கள் கம்பெனியில் பூரணம் ஒரு வசவாக நின்றுவிட்டாள். ஒருத்தி தட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால், "என்னட்டி, பூரணம் மாதிரி போட்டுட்டுப் போற?" வேனில் ஒருத்தி பேசாமல் இறங்கிப் போனால், "பூரணம் போறா பாரு."

அந்த நேரத்தில்தான் கோமதி வந்து சேர்ந்தாள். ஆற்றங்கரைப் பக்கத்து வயக்காட்டு ஊர். ஒல்லியான உடம்பு, குனிந்த தலை. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருந்தாள். வந்த சில நாட்களிலேயே பாக்கியம் செய்தி கொண்டுவந்துவிட்டாள், தன்னுடைய சித்தி மகளைக் கோமதியின் ஊருக்குப் பக்கத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. கோமதி புருஷனை விட்டுவிட்டு வந்தவள். பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது. அதை மாமியாரிடம் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"பெத்த புள்ளைய விட்டுட்டு வந்தவளுக்கு எதுக்க நின்னு நான் இறால் உரிக்கணுமோ?" என்றாள் பாக்கியம். மற்றவர்களும் அப்படியே. கோமதிக்கு ஒருத்தியும் ஜோடி நிற்கவில்லை. மேசையின் கடைசி முனையில் தனியாக நின்று தலை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளினது அப்படியே குவிந்து கிடக்கும். உரிக்க ஆள் இல்லை.

லூர்தக்கா நினைத்தால் ஒருத்தியைப் பிடித்து அவள் எதிரே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் செய்யமாட்டார். கட்டாயப்படுத்தி நிறுத்திய ஜோடி இறாலைக் கெடுக்கும், மனசையும் கெடுக்கும் என்பது அவர் கணக்கு. எல்லார் காதிலும் விழும்படி ஒரு தடவை சொன்னார்: "சனிக்கெழமைக்குள்ள இந்தப் புள்ளைக்கு ஒரு ஜோடி அமையணும். இல்லன்னா வேலையில வச்சிக்கிட மேல உள்ளவங்க விட மாட்டாங்க." யாரும் நிமிரவில்லை.

அன்றைக்குக் குழாயடியில் கோமதி என் பக்கத்தில் நின்று கை கழுவினாள். அதுவரை அவள் என்னிடம் பேசினதே இல்லை.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? எல்லாரும் என்னைய பூரணம் பூரணம்னு கூப்பிடுதாவ. நல்ல பேராத்தான் இருக்கு. யாருக்கா அது?"

"கதையில வாரவ" என்றேன்.

"என்ன பண்ணுவா?"

வேலைக்குத் திரும்புகிற மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. நாசமாய்ப் போகிற மணி என்று திட்டுவார்களே, அன்றைக்கு அது நல்லா இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் லூர்தக்கா என் பின்னால் வந்து நின்றார். என் தட்டிலிருந்து ஓர் இறாலைத் தூக்கினார். நரம்பு இருக்கிறதோ என்று பயந்தேன். இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காமல், "பேச்சி, அந்தப் பூரணம் இப்ப எங்கன இருக்கா?" என்றார்.

"தெரியாதுக்கா. போனதோட சரி."

"தேடிப் பாரேன்."

இறாலைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாக்கியத்தை விட்டுவிட்டு நானே கோமதி எதிரே போய் நின்றிருக்கலாமே என்று செல்வி இப்போது கேட்கிறாள். நின்றிருக்கலாம். ஆனால் கதை சொல்லுகிறவள் மேசைக்கு நடுவில் நின்றால்தான் இரண்டு முனைக்கும் கேட்கும். அதோடு, நான் ஒருத்தி போய் நின்றால் கோமதிக்கு ஜோடி கிடைக்கும், பூரணம் என்கிற பேர் போகுமா? பேரைக் கொடுத்தது கதை. அதனால்தான் பூரணத்தைத் தேடிப் போனேன்.

அன்றைக்கு மூத்த மருமகளை உப்பு வாங்க உப்பளத்துக்கு அனுப்பினேன். வெயிலில் கண் கூசுகிறது. பாத்தியில் உப்பு வாருகிற பெண்களில் ஒருத்தி முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கிறாள். யாரென்று பார்த்தால் பூரணம்.

"அவ எதுக்கு இப்ப?" என்றாள் பாக்கியம். "மூத்தவளுக்கு மக கல்யாணத்த முடிச்சி வையி மொதல்ல. மாப்பிள்ள வீட்டுக்காரன் எத்தன நாளா வாசல்ல நிக்கான்."

"நிக்கட்டும். மூத்தவ பூரணத்த விட மாட்டேங்கா. கையப் புடிச்சிக் கேக்கா, அன்னைக்கு என்னதாம்ட்டி நடந்துச்சின்னு."

"என்ன நடந்துச்சோ நமக்குத் தெரியும்லா. சிரிச்சிக்கிட்டே போனா."

"சிரிச்சத யாரு பாத்தா?"

பாக்கியம் என்னை முறைத்தாள். "நீதான சொன்ன!"

"நான் சொன்னேன். எனக்கு யாரு சொன்னா? அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னது யாரு? மூத்தவ கெணத்தடியில நின்னா, நான் அப்பவே சொல்லிருக்கேன். நின்னது வடிவாச்சி மட்டுந்தான். ஊரக் கூட்டி, சிரிச்சிக்கிட்டே போறா பாருங்கன்னு சொன்னது வடிவாச்சி. வடிவாச்சி வாயில என்னைக்கு நெசம் வந்துருக்கு?"

ஒரே கூச்சல். "அதான, கெணத்தடியிலதான நின்னா மூத்தவ" என்று ஒருத்தி. "இதெல்லாம் செல்லாது, கட்டக் கால் மாதிரிதான் இதுவும்" என்று ஒருத்தி. நான் சொன்னதை மாற்றவில்லை. நின்ற இடத்திலிருந்து மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். விளக்கு எரிந்தது, எரிந்ததுதான். வாசலைத் தாண்டினாள், தாண்டினதுதான். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அதுவரை நான் சொன்னதே இல்லை, அவர்களும் கேட்டதில்லை. இப்போது சொன்னேன். புருஷன் கை, அவன் பெல்ட்டு, பூரணத்தின் முதுகு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ஓடியிருக்கிறாள், இரண்டு தடவையும் பிள்ளைக்காகவே பின்னால் வந்து பிடித்திழுத்துக்கொண்டு போயிருக்கிறான். முனையில் கோமதி இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் பக்கம் நான் பார்க்கவே இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை பாக்கியம் தயாராக வந்தாள். வேனிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சரி. அடிச்சான். இங்கன அடி வாங்காதவ யாரு? நான் வாங்கலையா, நீ வாங்கலையா? சிரிக்கல, அதையும் ஒத்துக்கிடுதேன். மாமியாக்காரி பொய் சொல்லிட்டா. ஆனா புள்ள அழுதுச்சில்லா? திரும்பிப் பாக்கலல்லா? அதப் பாத்தது வடிவாச்சி இல்ல. தொட்டில் துணிய வெலக்கிப் புள்ளதான் பாத்துச்சி. புள்ளையும் பொய் சொல்லுமோ?"

அவள் சொன்னது சரி. அந்த வரியைச் சொன்னவள் நான். எல்லாரையும் அழவைத்த வரி. அதை வடிவாச்சி தலையில் கட்ட முடியாது. திரும்பிப் பார்த்தாள் என்று இப்போது சொன்னால், அன்றைக்கு அழுத அழுகையெல்லாம் வீண். மூளையைப் பிசைகிறேன், ஒன்றும் வரவில்லை. கை கழுவ மணி அடிக்காதா என்று பார்க்கிறேன், அதுவும் அடிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை.

அப்போது முனையிலிருந்து ஒரு குரல். மெதுவாகத்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"திரும்பிப் பாத்திருந்தா போயிருக்க மாட்டா."

கோமதி. தலையைத் தூக்கவில்லை. கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளினது தட்டில் விழாமல் வெளியே விழுந்தது.

பாக்கியம் கையுறையில் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அதையே செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏளா பேச்சி, நீ கதையச் சொல்லு. ஒனக்கு இன்னைக்குக் கை ஓடாது, ஒன்கூட நின்னா என் தட்டு நெறையாது" என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு, எங்கள் ஐஸ் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மேசையின் முனைக்குப் போனாள். கோமதி எதிரே வைத்தாள்.

"தலைய இவ்வளவு நீட்டிக் கிள்ளாத. சத பிஞ்சி வருது பாரு. யாருட்டி ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலக்கா" என்றாள் கோமதி.

"அதான் பாத்தாலே தெரியுதே. இங்கன பாரு."

நான் தொட்டியும் இல்லாமல் ஜோடியும் இல்லாமல் நடு மேசையில் நிற்கிறேன். பார்த்தால், லூர்தக்கா கையுறையை மாட்டிக்கொண்டு என் எதிரே வந்து நிற்கிறார். அவர் இறால் தொட்டு நான் பார்த்ததில்லை. என்ன வேகம் என்கிறீர்கள்! நான் தலை கிள்ளக் கிள்ள அவர் கை முந்திக்கொண்டு காத்து நிற்கிறது. "சொல்லு, பூரணம் உப்பளத்துலயே நிக்கா" என்றார். சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மணி அடித்தது, ஒருத்தரும் அசையவில்லை. லூர்தக்காதான், "பூரணம் எங்கயும் போக மாட்டா. நாளைக்கும் இருப்பா. போயி கை கழுவுங்க" என்றார். போகிறபோது என் முன்னால் ஓர் இறாலை வாலைப் பிடித்து வைத்துவிட்டுப் போனார். தலையைப் பாதி விட்டுவிட்டேனாம்.

அதோடு பூரணம் என்கிற வசவு எங்கள் மேசையில் ஒழிந்தது. பாக்கியமும் கோமதியும் பாக்கியம் வேலையை விடுகிறவரைக்கும் ஜோடி. புதிதாக வந்த ஒரு பிள்ளை எனக்கு ஜோடி நின்றாள். பாக்கியம் அவளைத் திட்டின திட்டு கொஞ்சமா? வேறு யாராவது திட்டினால் மட்டும் பாக்கியத்துக்குப் பொறுக்காது. கோமதி ஒவ்வொரு கோயில் கொடைக்கும் ஊர்ப் பக்கம் போகிறவர்களிடம் பிள்ளைக்கு ஒரு பாவாடை கொடுத்து அனுப்புவாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்கமாட்டாள். கதையில் பூரணத்தையும் பிள்ளையையும் சேர்த்து வை என்று எல்லாரும் என்னைப் போட்டு நச்சரித்தார்கள். நான் சேர்க்கவில்லை. அது நான் செய்கிற காரியம் இல்லை என்று பட்டது.

ஐஸில் நின்று நின்று என் விரல் முட்டியெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. மகனும் செல்வியும் போதும் என்றார்கள். கடைசி நாள் வந்தபோது, "இனி யாரு கத சொல்லுவா?" என்று ஒருத்தி கண்ணைக் கசக்கினாள். கோமதி தன் தொட்டியை எடுத்துக்கொண்டு நடு மேசைக்கு வந்து நின்று, "மூத்தவ இப்ப எங்கன நிக்காக்கா?" என்று கேட்டாள். அடுப்படியில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மெர்சியின் வழக்கு. மெர்சி போனை வைத்ததும் நான் கோமதிக்குப் போன் போட்டேன். தீர்ப்புச் சொல்ல இல்லை. என் கதையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

"ஏளா கோமதி, வடிவாச்சிய நல்லவளாக்கிட்டியாம? மெர்சி அழுதா."

அவள் சிரித்தாள். "அவ சொல்லிட்டாளா? நான் ஒண்ணும் மாத்தலக்கா. நீங்க சொன்னதுதான். சிரிச்சிக்கிட்டே போனான்னு ஊரக் கூட்டிச் சொன்னது வடிவாச்சிதான். பொய்தான். ஆனா எதுக்குச் சொன்னா?"

"எதுக்குச் சொன்னா?"

"அழுதுக்கிட்டுப் போறான்னு சொல்லிருந்தா நாலு பேரு பாவம்னு பின்னால ஓடிப் போயி, சமாதானம் பேசி, திரும்ப அவங்கிட்டயே கொண்டாந்து விட்டுருப்பாவ. சிரிச்சிக்கிட்டுப் போனவள யாருக்கா தேடுவா? காறித் துப்பிட்டு விட்டுருவாவ. அதான் சொன்னா. மருமவ தப்பிச்சிப் போவட்டும்னு."

அத்தனை வருஷம் என் வாயில் கிடந்த வடிவாச்சி. அவளை நான் எத்தனை ஏச்சு ஏசியிருக்கிறேன்! அவள் மனசில் இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்கே தெரியாமல் போயிற்றே. சந்தோஷத்தில் செல்வியைக் கூப்பிட்டு, "வடிவாச்சி நல்லவளாம்ட்டி!" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இது நீயாக் கட்டுனதா கோமதி?"

"பாதி நான் கட்டுனது" என்றாள். "எங்க அத்த இருக்காவல்லாக்கா... நான் வந்த அன்னைக்கு என்னைய வாசல்ல வச்சிப் பாத்துட்டாவ. ஒண்ணும் சொல்லல. பொறவு மகன்கிட்ட, அவ மதுர பஸ்ல ஏறுனத நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிருக்காவ. நான் ஏறுனது தூத்துக்குடி பஸ்லலா. அவன் மதுரையில போயித் தேடுதேன்னு ரொம்ப நாளு அலஞ்சானாம்."

"இத யாரு சொன்னா ஒனக்கு?"

"எம் மவ. அவன் போன வருசம் செத்துட்டான்லா. இப்பத்தான் அத்த அவட்ட எல்லாத்தயும் சொல்லி, போன மாசம் ரெண்டு பேருமா கேட்டு விசாரிச்சி வந்துட்டாவ. நான் குடுத்து விட்ட பாவாடையெல்லாம் அவனுக்குத் தெரியாம அத்தையே தச்சி நீட்டி நீட்டிப் போட்டு விட்டுருக்காவ. இப்ப இங்கனதான் இருக்காவ. உளுந்து களைஞ்சிக்கிட்டு இருக்காவ. பேசுதீயளாக்கா?"

நான் சரி சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு வயசான குரல், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி.

"நீங்கதான் அந்தக் கத சொல்லுத பேச்சியா?"

"ஆமா தாயி."

"எல்லாத்தயும் சொன்னா. நல்லாருங்க. ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. இவ சிரிச்சிக்கிட்டே போனான்னு நான் சொல்லவே இல்ல. மதுர பஸ்ஸுன்னுதான் சொன்னேன். நடந்தத இவ எதுக்கு மாத்திச் சொல்லுதா?"

பாருங்கள், இவரும் மெர்சியின் கட்சி! அவருக்கும் விளக்கினேன். "எம்மா, மதுர பஸ்ஸுன்னு சொன்னா ஒருத்தன் மதுரைக்குப் போயித் தேடுவான். தேடத்தான செஞ்சான்? சிரிச்சிக்கிட்டுப் போனான்னா ஒருத்தனும் தேட மாட்டான். கதையிலயாவது தன்னைய யாரும் தேடி வர வேண்டாம்னு நெனச்சிருப்பா அவ."

அந்தப் பக்கம் பாத்திரத்தில் உளுந்து புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது கோமதியாக இருக்கும்.

"அப்படின்னா சரி" என்றது அந்தக் குரல். "சிரிச்சான்னே இருக்கட்டும்."

மெர்சி, கேட்டுக்கொண்டாயா? வடிவாச்சியே ஒத்துக்கொண்டுவிட்டாள்.